தண்ணீர் கொடுத்த ஒன்று

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

இறைவன் அருளால் நான் நலம். உன் அத்தானுக்குத்தான் நலமில்லை. கண்ணுக்குப் பின்னால் கட்டி. அயனிக் கற்றையைப் பாய்ச்சி அழிக்கலாம் என்கிறார் டாக்டர். இவர் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட மறுக்கிறார். "தூசிய அடிச்சு எண்ணுறதெல்லாம் ஒரு வேலையான்னு உன் தம்பியக் கிண்டல் பண்ணேன். இப்ப அதே அடி என் மண்டைக்கே வருது" என்கிறார். அந்தச் சொல்லுக்காக ஒன்பது வருடமாய் எங்கள் வாசற்படி மிதிக்காதவன் நீ.

நீ எனக்கு அனுப்பிய ஆய்வுக் கட்டுரையை அகராதியோடு உட்கார்ந்து படித்தேன். அயனி மோதி உடைந்த மரபணுத் துணுக்கின் துண்டுகளுடைய எடைகளைக் கூட்டிப் பார்த்தேன். 108, 27, மொத்தம் 135; உடையுமுன் இருந்த எடையும் அதே. சரி. தண்ணீரோடு இருந்ததில் மட்டும் 136 வருகிறது. அந்த ஒன்று எங்கிருந்து வந்தது? உன் கணக்கே தப்பென்றால் இவர் எதை நம்பித் தலையைக் கொடுப்பார்?

அக்கா

மார்ச் 12

அக்கா,

தப்பில்லை. என் கருவியின் வெற்றிடத்தில் தனியாக இருக்கும் துணுக்கு, அடி விழுந்ததும் நொறுங்கும். சுற்றிலும் தண்ணீர் இருந்தால், அடியின் வேகத்தை வாங்கிக்கொண்டு தண்ணீர் பறந்துவிடும். பல நேரம் துணுக்கு முழுசாக நிற்கும். சில சமயம் தண்ணீர் தன் ஹைட்ரஜன் ஒன்றையும் அதற்குக் கொடுத்துவிட்டுப் போகும். ஹைட்ரஜனின் எடை ஒன்று; நீ கேட்ட ஒன்று அதுதான்.

ஆனால் உன்னிடம் மறைக்க மாட்டேன். உடம்புக்குள் அதே தண்ணீர் உடைந்தால் பக்கத்தில் இருப்பதைத் தாக்கும். கட்டி சாவதில் அதற்கும் பங்குண்டு. என் கருவி வேறு, அத்தானின் தலை வேறு. என்னால் உறுதி தர முடியாது. கூட வந்து உட்கார முடியும். அவர் விடுவாரா?

தம்பி

மார்ச் 20

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்று முழுவதும் குழாயைத் திறக்கவே கை கூசியது. பாத்திரம் கழுவுகிற தண்ணீர்! முப்பது வருடமாக இறைவனைக் கும்பிடுகிறேன். அவன் இவ்வளவு சின்ன இடத்தில் வேலையாக இருப்பான் என்று தோன்றவே இல்லை.

அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். உறுதி தர முடியாது என்று நீ எழுதிய இடத்தை மறுபடி வாசிக்கச் சொன்னார். "எல்லாரும் பயப்படாதீங்கன்னு சொல்றாங்க. இவன் ஒருத்தன்தான் தெரியாததத் தெரியாதுங்கறான்" என்றார். பிறகு, "தூசிய எண்ணுறவன வரச் சொல்லு. என் பக்கத்துல உக்காந்து எண்ணட்டும்" என்றார்.

படிவம் மேசைமேல் இருக்கிறது. பேனா மூடியைக் கழற்றி வைத்துவிட்டார். பதில் எழுதிக்கொண்டிருக்காதே, மை காய்வதற்குள் வந்து சேர்.

அக்கா