நாற்பத்தெட்டுக் கம்பிகள்

3 பிப்ரவரி 1975, காரைக்குடி

நாச்சியாபுரம் தண்ணீர்த் தொட்டியின் படத்துக்கு மை போட்டு முடித்தேன். ஒன்பது நாள். எழுத்துகள் நன்றாக விழுந்திருந்தன. முதலாளி சிதம்பரம் செட்டியார் நிமிர்ந்து பார்க்கவில்லை. என்னோடு படம் வரையும் மருதுவோடு பேசிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் பழக அவனைச் சென்னைக்கு அனுப்புகிறாராம்.

பட்டம் வாங்கியவன் நான். அவன் டிப்ளமா.

4 பிப்ரவரி

ஏன் நான் இல்லை என்று கேட்டேன். "ஒங்க கை இங்குட்டு வேணும் தம்பி" என்றார். பாராட்டுதானே? பின் ஏன் சாப்பாடு இறங்கவில்லை?

10 மார்ச்

மருது வந்துவிட்டான், கண்டரமாணிக்கத்தில் கட்டப்போகும் தொட்டியின் படத்தோடு. என் நாச்சியாபுரம் படத்தை மாதிரியாக வைத்து விவரங்களை அட்டைகளில் துளையிட்டுக் கொடுத்தானாம். கணக்கும் போட்டு, பேனாவும் பிடித்து, இயந்திரமே வரைந்துவிட்டது.

"பதினோரு நிமிசம்ண்ணே."

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தொடங்கிய தடிமனிலேயே கோடு முடிகிறது. எங்கும் மூச்சு வாங்கவில்லை. வெறுக்கிறேன் — யாரை?

11 மார்ச்

'வரைந்தவர்' கட்டத்தில் மருதுவின் பெயர். பேனாவையே தொடாதவன்.

12 மார்ச்

கம்பிப் பட்டியலைச் சரிபார்க்கச் சொன்னார் முதலாளி. தண்ணீரின் பாரம் இறங்கும் அடித்தளத்துக்கு நாற்பத்தெட்டுக் கம்பி வேண்டும். இருபத்துநான்கு என்று இருந்தது.

புரிய ஒரு நிமிடம் ஆனது. வட்டத் தொட்டியில் கம்பிகளைப் பாதியில் மட்டும்தான் வரைவோம். மறுபாதியும் அதேதான் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும், எழுதிக்கூட வைப்பதில்லை. மருதுவுக்கும் தெரியும். அவசரத்தில் படத்தில் இருந்ததை அப்படியே கொடுத்திருக்கிறான். இயந்திரம் கொடுத்ததை எண்ணியிருக்கிறது.

யாரிடமும் சொல்லவில்லை.

13 மார்ச்

சந்தோஷமாக இருக்கிறது. நெடுநாளைக்குப் பிறகு.

14 மார்ச்

'சரிபார்த்தவர்' கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். சரி என்று எழுதவில்லை. வெறும் பெயர்தானே?

கான்கிரீட் போடுவதற்கு முன் சொல்லிவிடுவேன். எல்லோர் முன்னாலும்.

18 மார்ச்

மருதுவோடு கண்டரமாணிக்கம் போனேன். நாளைக்குக் கான்கிரீட். கம்பி கட்டும் பொன்னழகு அடித்தளக் குழிக்குள்ளிருந்து சொன்னார்: "பட்டியல்படி கட்டியாச்சு. ஆனா சந்துல பன்னிக்குட்டியே நொழைஞ்சு போகும் போல."

மருது சிரித்தான். "மெசின் போட்ட கணக்குண்ணே. ஒங்களுக்கும் எனக்கும் தெரியாதது அதுக்குத் தெரியும்."

ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் காத்திருந்த இடம் இதுதான். பாதிக் கம்பிதான் இருக்கிறது என்றேன். இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்தது.

மருது பட்டியலை வாங்கிப் பார்த்தான். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான்.

"எப்பண்ணே பாத்தீக?"

"இப்பத்தான்."

எனக்கு இவ்வளவு சுலபமாகப் பொய் வருமா?

20 மார்ச்

முதலாளியிடம் மருது தானே போய்ச் சொல்லிவிட்டான். தப்பு அவனுடையதாம். அண்ணன் பார்க்காவிட்டால் ஊருக்குள் தலைகாட்டியிருக்க முடியாதாம். இனி இயந்திரம் வரைவதையெல்லாம் அண்ணனே சரிபார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறான். முதலாளி ஒத்துக்கொண்டார். 'சரிபார்த்தவர்' கட்டத்தில் ஏற்கெனவே என் பெயர் இருந்ததை இருவருமே கேட்கவில்லை.

இனி நான் வரைய வேண்டியதில்லை.

2 ஏப்ரல்

காளையார்கோவில் பாலத்தின் படம் வந்தது. காலையிலிருந்து எண்ணுகிறேன். எல்லாம் சரியாக இருக்கிறது.

சாப்பிட்டுவிட்டு எண்ணலாமே என்று மருது வந்து கூப்பிட்டான். இப்படி ஒரு பொறுப்பை எங்கும் பார்த்ததில்லை என்றான்.

இன்னும் ஒரு முறை என்று சொல்லி அனுப்பினேன்.