ஐந்தாவது ஆள்

மார்ச் 4

என் வீட்டுக்காரிக்கு,

நலம்தானே? நானும் நலம். முழங்கால் மட்டும் படியேறும்போது மக்கர் பண்ணுகிறது. லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன் படியேறித்தான் போக வேண்டும் என்பது என் தலையெழுத்து.

போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் உன் குரலைக் கேட்டால் எனக்கு வாயடைத்துப் போகிறது, உனக்குக் கோபம் வருகிறது. அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். கம்பெனியில் எங்களை இரண்டு நாள் உட்காரவைத்து நேர்மறை உளவியல் என்று பாடம் நடத்தினார்கள். நடத்திய பெண்ணுக்கு என் அண்ணன் மகள் வயதுதான் இருக்கும். பழுதையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், உங்களிடம் எது நன்றாக ஓடுகிறது என்று பாருங்கள் என்றாள். "ஓடுற லிஃப்டை யாரும்மா கழட்டிப் பாப்பாங்க?" என்று எங்கள் ஆள் ஒருவன் கேட்டான். அவளும் எங்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு, கையோடு வீட்டுப்பாடமும் கொடுத்துவிட்டாள். நம்மை நன்றாகத் தெரிந்த ஐந்து பேரிடம், நாம் ஆகச் சிறப்பாக இருந்த ஒரு சமயத்தை எழுதி வாங்க வேண்டுமாம்.

நாலு பேரிடம் வாங்கிவிட்டேன். சூப்பர்வைசர் 'நேரம் தவறாதவர்' என்று எழுதினார். முடிவெட்டுகிறவர் 'தலையை ஆட்டாமல் உட்காருவார்' என்று எழுதினார். மற்ற இரண்டும் இதே லட்சணம்தான். என்னை நன்றாகத் தெரிந்தவள் என்றால் பன்னிரண்டு வருஷம் கூட இருந்த நீதான். நீ கிளம்பிப்போய்ப் பதினான்கு மாதம் ஆன பிறகு இதைக் கேட்க எனக்கு முகமில்லை. ஆனாலும் கேட்கிறேன். ஒன்றே ஒன்று எழுது.

வக்கீல் அனுப்பிய விவாகரத்துத் தாள்கள் மேசைமேல் இருக்கின்றன. இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

இப்படிக்கு,
லிஃப்ட்காரன்

---

மார்ச் 11

லிஃப்ட்காரருக்கு,

உங்களுக்கு நற்சான்றிதழ் வேண்டுமென்றால் என்னிடமா கேட்பது? முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க ரத்தம் எடுத்துக்கொண்டே யோசித்தேன். ஒன்று கிடைத்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நீங்கள் வீட்டில் மறந்துவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுக்க ஓர் அலுவலகக் கட்டடத்துக்கு வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? ஒரு அம்மா லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்தார். உங்கள் கூட்டாளி மேலே இயந்திர அறையில் வேலை பார்த்தார். நீங்கள் தரையில் உட்கார்ந்து, கதவிடுக்கில் வாயை வைத்துப் பேசிக்கொண்டிருந்தீர்கள். "அம்மா, நான் இங்கதான் இருக்கேன். இன்னும் நாப்பது நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் எங்கயும் போகமாட்டேன்."

படிக்கட்டில் நின்று முழுவதையும் கேட்டேன். அவருடைய பிள்ளைகளைப் பற்றிக் கேட்டீர்கள். பத்தாம் வகுப்பில் கணக்கில் இரண்டு தடவை தேறாமல் போனதைச் சொன்னீர்கள். எனக்கே அது அன்றைக்குத்தான் தெரியும். அந்த அம்மா உள்ளேயிருந்து சிரித்தார். நீங்கள் ஆகச் சிறப்பாக இருந்தது அன்றைக்குத்தான். எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்த வருஷம் என் அப்பா இறந்தார். எல்லாம் முடிந்து திரும்பி வந்து படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். நாலு நாள். வேளாவேளைக்குச் சாப்பாட்டுத் தட்டை வெளியே வைத்தீர்கள். நிற்பீர்கள், கதவுக்கு அடியில் உங்கள் நிழல் தெரியும். ஏதாவது சொல்வீர்கள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். நிழல் போய்விடும். நானும்தான் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தேன்.

வீட்டுப்பாடத்துக்கு முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தாள்களை இந்த மாதத்துக்குள் அனுப்பிவிடுங்கள்.

ரத்தம் எடுக்கிறவள்

---

மார்ச் 19

என் வீட்டுக்காரிக்கு,

முதல் பாதியைக் கொடுக்கவில்லை. உன் கடிதம் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

அடுத்த வகுப்பில் அந்தப் பெண், ஓர் இடத்தில் கைவந்ததை இன்னோர் இடத்திலும் செய்து பாருங்கள் என்றாள். இதுவரை எங்கே செய்யாமல் விட்டீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாள். "வீட்ல" என்றேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

உள்ளே மாட்டியவரிடம் பயப்படாதீர்கள் என்று நாங்கள் சொல்வதில்லை. அது யாருக்கும் உதவியதில்லை. நான் இங்கே இருக்கிறேன் என்போம். எவ்வளவு நேரமாகும் என்பதில் பொய் சொல்ல மாட்டோம். அவர் வெளியே வரும்வரை நகர மாட்டோம். இருபது வருஷமாக இதைத்தான் செய்கிறேன், நம் வீட்டைத் தவிர. லிஃப்டில் எது கெட்டுப்போயிருக்கிறது என்று எனக்குத் தெரியும். உன் விஷயத்தில் தெரியவில்லை. தப்பாக ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று பயந்து, வேலையைச் சாக்காக வைத்து ஓடிப்போனேன். தப்புத்தான். என்னை மன்னித்துவிடு.

கையெழுத்துப் போட்டுத் தாள்களை இத்துடன் வைத்திருக்கிறேன். உன்மேல் உள்ள பிரியம் போகவில்லை. ஆனால் வெளியே வருகிறவர் எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று நாங்கள் சொல்வதில்லை. கதவைத் திறந்துவிடுவது மட்டும்தான் எங்கள் வேலை.

இன்னொன்று. கணக்கில் இரண்டு தடவை இல்லை, மூன்று தடவை. அந்த அம்மாவிடம்கூட ஒன்றைக் குறைத்துத்தான் சொன்னேன்.

லிஃப்ட்காரன்

---

மார்ச் 27

லிஃப்ட்காரருக்கு,

தாள்கள் வந்தன. வக்கீலிடம் இன்னும் கொடுக்கவில்லை. அலமாரியில் துணிகளுக்கு அடியில் இருக்கின்றன. எத்தனை நாள் இருக்கும் என்று கேட்காதீர்கள். உங்களைப் போல நேரம் சொல்ல எனக்கு வராது.

வருகிறவர்கள் எல்லோரிடமும் 'வலிக்காது' என்று சொல்லி ஊசி குத்துகிறவள் நான். இந்த வாரம், "கொஞ்சம் வலிக்கும், நான் இங்கதான் இருக்கேன்" என்று சொல்லிப் பார்த்தேன். ஒருவர்கூடக் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அந்த நாலு நாளில் நானும் ஒரு தடவை உங்களைக் கூப்பிட்டிருக்கலாம். லிஃப்டில் மாட்டியவர்கள்கூட மணி அடிக்கிறார்கள். நான் அடிக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வாருங்கள். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டு வாருங்கள். வாசலில் ஒரு நாற்காலி போட்டிருப்பேன். கதவைத் தட்டுங்கள். உடனே திறக்க மாட்டேன். பேசுங்கள்.

வீட்டுக்காரி