முதுகில் ஒரு வெள்ளைப் புள்ளி

இன்று ஊறுகாய்க்காக வினிகர் பாட்டிலைத் திறந்தேன். நீங்கள் போய் இத்தனை நாள் கழித்தும், உடனே குளியலறைக் கதவுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டீர்கள். நம் ஜூஜுவாடி வீட்டில் அதுதானே நீங்கள் படம் கழுவும் இருட்டறை. ஜன்னலில் கறுப்புத் துணி, ஒரு சிவப்பு பல்பு, பலகைமேல் மூன்று தட்டுகள். நடுத்தட்டு அமிலத்துக்கு இதே நெடி.

பகலில் தொழிற்சாலையில் பற்சக்கரங்களை அளந்து பார்த்து, பிசகியதைக் கழித்துக்கட்டியவர் நீங்கள். வீட்டிலும் அதே கண்டிப்பு. நிழல் ஒரு சாயல் கூடினாலும் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி தொடங்குவீர்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. ஓர் இழை கோணினாலும் முழுத் தையலையும் பிரிக்கிறவள் நான்.

என் முதுகைப் படமெடுக்கக் கேட்டபோது மூன்று நாள் உங்களோடு பேசவில்லை. முழங்கை தெரிந்தாலே கன்னியாஸ்திரிகள் முறைக்கும் பள்ளியில் படித்தவள். "முகம் வராது. வெளிச்சமும் இருட்டும்தான்" என்றீர்கள். சொன்னபடியே, இருட்டிலிருந்து ஒரு மலைச்சரிவு எழுந்தது. அது என் தோள் என்று நம்ப எனக்கே நேரம் பிடித்தது.

படத்தில் தூசியால் விழும் வெள்ளைப் புள்ளிகளை மெல்லிய தூரிகையால் மை தொட்டு மறைப்பது என் வேலை. அன்றும் ஒன்றை மறைத்தேன். பார்த்ததும் சிரித்துவிட்டீர்கள்.

"அது தூசி இல்லை, உன் சின்னம்மைத் தழும்பு. தன் முதுகு தனக்குத் தெரியாதுன்னு சும்மாவா சொன்னாங்க?"

தழும்போடு இன்னொரு படம் போட்டீர்கள். குறையில்லாததைத்தான் மாட்ட வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். கூடத்தில் நான் புள்ளியை மறைத்த படம் ஏறியது. உங்களுடையது பெட்டிக்குள் போனது.

"இது கிருஷ்ணகிரி மலைங்களாண்ணா?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டுக்காரி.

"ஆமாம்மா. லேசுல ஏறவிடாத மலை."

நான் சமையலறைக்குள் ஓடிவிட்டேன். அன்று முதல் அது மலைதான், நம் மகளுக்கும்கூட.

போன வாரம் அவள் வந்தாள். பெங்களூரில் ஒரு கண்காட்சிக்கு உங்கள் படங்களைக் கேட்கிறார்களாம். "அடியில பேர் எழுதணும். இது எந்த மலைம்மா?" என்று கூடத்துப் படத்தைக் காட்டினாள்.

ஒரு மலையின் பெயரைச் சொன்னால் என் மானம் தப்பும். ஆனால் நீங்கள் செய்து காட்டியது யாருக்கும் தெரியாமலே போய்விடும். எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து உங்கள் படத்தை அவள் கையில் கொடுத்தேன்.

"மலை இல்லை. என் முதுகு."

ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள். "அப்பா எடுத்ததா?"

"வேற யாரை எடுக்க விட்டிருப்பேன்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. பிறகு படத்தைச் சாய்த்துப் பார்த்தாள். "இங்க ஒரு புள்ளி இருக்கு. சரிபண்ணச் சொல்லட்டுமா?"

"தொடக் கூடாது" என்றேன்.

குளிக்கும்போது கையை வளைத்து அந்தத் தழும்பைத் தேடுகிறேன். ஒருநாளும் எட்டியதில்லை. நீங்கள் காட்டிய இடத்தில்தான் இருக்கும்.