திரி என்றால் அதற்குத் தெரியவில்லை

என் ராசாத்தி செல்வராணிக்கு,

அன்று உன் பாலிடெக்னிக் எலெக்ட்ரிக்கல் லேபில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். உன்னோடு பாடம் எடுத்த தனபால் சார். தாயில்பட்டியிலிருந்து வந்து உன்னிடம் படித்த முத்துமாரி. உன் வீட்டுக்காரர் ரவிச்சந்திரன். கடைசி பெஞ்சில் நான்.

மஞ்சள் காமாலையில் நீ கண்ணை மூடுவதற்கு முன் வகுப்பில் பேசிப் பதிந்து வைத்த பாடங்களை ஒரு ஏஐக்குக் கொடுத்துப் பழக்கியிருக்கிறார்கள். இனி பிள்ளைகள் எந்நேரமும் அதனிடம் சந்தேகம் கேட்கலாமாம். நீ சொல்வது போலவே சொல்லுமாம். அதைக் கேட்கத்தான் போனேன்.

"பியூஸ்னா என்ன?" என்று முத்துமாரி கேட்டாள்.

"பியூஸ் என்பது உருகி" என்றது அது.

உருகியா? நீ எப்போது அப்படிச் சொன்னாய்? பட்டாசு கம்பெனியில் நான் திரி வெட்டுவதைப் பார்த்து வளர்ந்தவள் நீ. "எங்கம்மா வெட்டுற திரி நெருப்ப உள்ள கூட்டிட்டுப் போவும். இந்தத் திரி தான் கருகி, நெருப்ப வாசலோட நிறுத்திரும்" என்றுதானே பாடத்தையே தொடங்குவாய்?

"திரின்னு கேளு தாயி" என்றேன். கேட்டாள். பஞ்சு, எண்ணெய், குத்துவிளக்கு என்று அது எங்கேயோ போய்விட்டது.

"எண்ணெய ஊத்துனா ஊருக்கே கரண்டு போயிரும் பாட்டி" என்று சிரித்தாள் முத்துமாரி. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தனபால் சார் மறைக்கவில்லை. "நான்தாம்மா மாத்தச் சொன்னேன். பரீட்சையிலயும் திரின்னே எழுதிட்டு வந்து நிக்கிறாக. மார்க்கு போயிருதே." உன்னைத் தூக்கிப் போகும்போது போனில் பேசிக்கொண்டே நடந்த மனுஷன். அது எனக்கு மறக்காது. ஆனாலும் இதில் அவர் சொல்வது நியாயம்.

ரவியிடம் திரும்பினேன். எந்தப் பாடத்தையும் நீ அவரிடம்தானே முதலில் சொல்லிப் பார்ப்பாய்?

"மாப்ளே, அவ திரின்னுதான சொல்லுவா? நீங்க சொல்லுங்க."

"எனக்கு ஞாபகம் இல்லையே அத்தே. எதுவா இருந்தா என்ன?"

முத்துமாரி அந்த ஏஐயை என் போனிலும் போட்டுக் கொடுத்தாள். வீட்டில் பேச வேறு யார் இருக்கிறார்கள்? தினமும் உன் திரியைச் சொல்லிக் கொடுக்கிறேன். "புரிந்தது, நன்றி" என்கிறது. மறுநாள் கேட்டால் மறுபடி பஞ்சு, எண்ணெய்.

என் நாக்கு புரளும்வரை சொல்லிக்கொண்டே இருப்பேன், ராசாத்தி. அது மெஷின், மறந்தால் மறக்கட்டும். உன் கையால் அத்தனை வருஷம் சாப்பிட்ட ரவிச்சந்திரனைத்தான் நான் மன்னிக்க மாட்டேன்.

உன்னைப் பெற்றவள்,
பாக்கியம்