ரத்தம் வடியாத குதிரைகள்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நாம் போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது என்று அத்தான் சொன்னார். அதனால் எழுதுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார்.

நீ கேள்விப்பட்டது சரிதான். குதிரைகளுக்கு ரத்தம் உறைவதற்காக நரம்பில் ஏற்றும் மருந்துகளை எங்கள் கல்லூரியில் சோதிக்கிறோம். அதில் ஒன்று, உன் பண்ணைக் குதிரைகளுக்கு நீ நம்பி ஏற்றும் உன் செல்லப்பிள்ளை பார்மலின். உப்புநீரில் கொஞ்சமாகக் கலந்துதான் என்றாலும், பிணத்தைப் பதப்படுத்தும் சரக்கை உயிருள்ள ஜீவனுக்கு ஏற்றுகிறோம் என்றால் வெளியே யாரும் நம்பமாட்டார்கள். ஒரு வாரம் மருந்து, ஒரு வாரம் வெறும் உப்புநீர். பிறகு ரத்தம் எடுத்து, உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கிறோம். எல்லாம் நோய்நொடி இல்லாத குதிரைகள். அவற்றில் குண்டன் என்று ஒருவன், ஊசியைக் கண்டால் என் சட்டைக் காலரைக் கவ்விக்கொள்கிறான். முதலில் கொடுத்த அளவுக்கு நடுங்கி வியர்த்தான். குறைத்ததும் சரியாகிவிட்டான்.

முடிவு வந்ததும் முதலில் உனக்குத்தான் சொல்வேன்.

உன் பாசத் தம்பி

ஜனவரி 20

அன்புத் தம்பிக்கு,

பார்மலினைக் கிண்டல் பண்ணாதே. குட்டி போட்ட குதிரைக்குக் கருப்பையின் ரத்தக்குழாய் உள்ளுக்குள்ளே வெடித்தால், வயிற்றைத் திறந்து தைக்க நேரம் இருக்காது. இருட்டான கொட்டடியில் அசையாமல் நிறுத்தி, நான் இதைத்தான் ஏற்றுகிறேன். சில பிழைத்திருக்கின்றன, சில போயிருக்கின்றன.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ரத்தம் வடியாத குதிரையிடம் போய், ரத்தம் நிற்குமா என்று எப்படியடா கேட்பாய்?

அத்தானுக்கு முதுகுவலி தேவலை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா

ஏப்ரல் 14

தம்பிக்கு,

முதலில் எனக்குச் சொல்வதாக எழுதியிருந்தாய். எனக்குச் சொன்னது எங்கள் பண்ணை மேனேஜர். "குதிரைகளுக்குப் பார்மலின் பயனற்றது" என்ற உங்கள் கட்டுரைத் தலைப்பைக் கால்நடை மருத்துவப் பத்திரிகையிலிருந்து வெட்டி, மருந்து அலமாரிக் கதவில் ஒட்டினார். இருந்த பாட்டில்களை அன்றைக்கே அப்புறப்படுத்திவிட்டார்.

போன வாரம் எங்கள் பண்ணைக் குதிரை சிவப்பி குட்டி போட்டாள். மறுநாள் காலை தீவனத்தைத் தொடவில்லை. வேர்த்துக் கொட்டி, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஈறு சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. வலி மருந்து, உப்புநீர், இன்னொரு குதிரையின் ரத்தம் என்று கையில் இருந்ததையெல்லாம் கொடுத்தேன்.

அவளை வளர்த்த குதிரைக்காரர் கேட்டார்: "டாக்டரம்மா, போன வருஷம் ஒண்ணு ஏத்தினீங்களே, அதை ஏத்துங்க."

"அது இப்போ இல்லைங்க. வேலை செய்யாதுன்னு கண்டுபிடிச்சிட்டாங்க."

"யாரு கண்டுபிடிச்சா?"

என் தம்பி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மத்தியானம் செத்துப்போனாள். குட்டி இன்னும் அவள் நின்ற இடத்தை முகர்ந்துகொண்டிருக்கிறது. இப்போது நீ சொல். ரத்தம் வடிந்த எத்தனை குதிரைகளுக்கு இந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்தாய்?

அக்கா

ஏப்ரல் 22

அன்புள்ள அக்காவுக்கு,

சிவப்பியை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. ஆனால் கோபத்தில் நீ நியாயத்தை விட்டுவிடுகிறாய். மருந்து இருந்திருந்தாலும் அவள் செத்திருக்கலாம். நீயும் பிழைத்தவற்றைத்தான் அதிகமாக ஞாபகம் வைத்திருக்கிறாய்.

எங்கள் குதிரைகளில் மருந்துக்கும் உப்புநீருக்கும் வித்தியாசமே இல்லை. அதைத்தான் எழுதினோம். "ஆரோக்கியமான" என்ற சொல்லையும் நான் தலைப்பில் போட்டிருந்தேன். நீளமாக இருக்கிறது என்று துறைத்தலைவர் அடித்துவிட்டார். கட்டுரைக்குள்ளே இருக்கிறது. ஒரு சொல்தானே அக்கா.

தம்பி

ஏப்ரல் 29

தம்பிக்கு,

ஒரு சொல்தானா? பசிக்காதவனுக்குச் சோறு போட்டுவிட்டு, சோற்றால் பசி ஆறாது என்று ஊரெல்லாம் தண்டோரா போட்டிருக்கிறீர்கள். மேனேஜர் கட்டுரையையா படிப்பார்? தலைப்பைப் படித்தார், அலமாரியைக் காலி செய்தார்.

அந்த மருந்து கட்டாயம் காப்பாற்றும் என்று நான் எங்கேயாவது சொன்னேனா? உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததாக அச்சடிக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று அத்தான் முணுமுணுக்கிறார். மட்டாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்தச் சொல்லைத் திரும்ப அதன் இடத்தில் வைத்துவிட்டு எழுது. அதுவரை எனக்குக் கடிதம் வேண்டாம்.

அக்கா

செப்டம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இப்போது எழுதலாம் என்று நினைக்கிறேன்.

துறைத்தலைவரிடம் போனேன். "ஒரு வார்த்தைக்காகப் பத்திரிகைக்காரன்கிட்ட போய் நிக்கணுமா?" என்றார்.

"ஒரு குதிரை செத்திருக்கு சார்."

"உங்க அக்கா வைத்தியம் பார்த்த குதிரைதானே?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பை என்னால் பொறுக்க முடியவில்லை. பத்திரிகைக்கு நானே எழுதினேன். இந்த இதழில் தலைப்பைத் திருத்திப் போட்டிருக்கிறார்கள். மூலையில்தான், ஆனால் போட்டிருக்கிறார்கள். அதன் பலனாகத் துறைத்தலைவர் என்னைக் கோழிப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்; இப்போது தீவனம் எடைபோட்டுக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு பெரிய பண்ணையின் டாக்டர் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். நிஜமாகவே ரத்தம் வடியும் குதிரைகளில் சோதிக்கலாம் என்கிறார். நரம்பில் ஏற்றும் பைகளில் எண் மட்டும்தான் இருக்கும்; எதில் என்ன என்ற பட்டியல் என்னிடம் இருக்கும், ஏற்றுகிறவருக்குத் தெரிந்தால் சோதனை கெட்டுவிடும். பாதிப் பைகளில் மருந்து, மீதிப் பைகளில் உப்புநீர். மற்ற வைத்தியம் எல்லாக் குதிரைக்கும் உண்டு. உங்கள் பண்ணையும் சேருமா? நீ திட்டுவாய் என்று தெரிந்தேதான் கேட்கிறேன்.

உன் தம்பி

செப்டம்பர் 15

தம்பிக்கு,

திட்டத்தான் வேண்டும். வலியில் துடிக்கிற தாய்க்கு வெறும் தண்ணீராக இருக்கலாம் என்று தெரிந்துகொண்டே என் கையால் மாட்டச் சொல்கிறாய். இரண்டு நாள் உன்னை வாய்விட்டுத் திட்டினேன். பிறகு குதிரைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். உன்னைப் பற்றியும் சொன்னேன். சிவப்பியின் குட்டியைத் தடவிக்கொடுத்தார். பிறகு, "இனிமேலாவது தெரிஞ்சா சரி" என்றார். மேனேஜரிடம் கையெழுத்து வாங்கிவிட்டேன். பைகளை அனுப்பு.

அக்கா

பிப்ரவரி 11

அன்புத் தம்பிக்கு,

முதல் பையை நேற்று மாட்டினேன். குட்டி போட்ட கறுப்பிக்கும், சிவப்பிக்கு வந்த அதே அவஸ்தை. கொட்டடியை இருட்டாக்கி, கழுத்தில் ஊசியை ஏற்றி, குதிரைக்காரரும் நானும் இரண்டு பக்கமும் நின்றோம். சாயங்காலம் ஈறில் லேசாகச் சிவப்பு ஏறியது. இன்று காலை புல் தின்றாள்.

எனக்குச் சந்தோஷம்தான். கோபமும் இருக்கிறது. சிவப்பி விஷயத்தில் உன் கல்லூரியை நான் மன்னிக்கவில்லை. உன்னைப் பாதி மன்னித்திருக்கிறேன். மீதியை நேரில் வந்து வாங்கிக்கொள்.

இவளைக் காப்பாற்றியது மருந்தா, உப்புத்தண்ணீரா, அவள் உடம்பேதானா, தெரியவில்லை. அந்தப் பையில் என்ன இருந்தது என்று கேட்க நேற்று போனைக் கையில் எடுத்தேன். வைத்துவிட்டேன்.

நான் கெஞ்சிக் கேட்டாலும் சொல்லிவிடாதே.

உன் அக்கா