பிடரியில் படிந்த கருமை

சூன் 4
மகளின் பிடரியில் கருமை படிந்திருக்கிறது. துணைவி நார்போட்டுத் தேய்த்தாள். "வலிக்குதும்மா, அது அழுக்கு இல்ல" என்று அழுதது பிள்ளை. கட்சிக் கூட்டத்தில் பேசப் புறப்படும் அவசரத்தில், "நல்லாத் தேய்ச்சுக் குளிம்மா" என்று நானும் சொல்லிவிட்டுப் போனேன். பதின்மூன்று வயதுப் பெண். திரும்பிவந்து பார்த்தபோது கழுத்து சிவந்து கன்றியிருந்தது. கருமை போகவில்லை.

சூன் 11
பள்ளி ஆய்வில் குருதி அழுத்தம் மிகுதி என்றதால் மருத்துவரிடம் சென்றோம். எடை, இடுப்புச் சுற்றளவு, குருதி ஆய்வு என எல்லாம் பார்த்தார் அந்த அம்மையார்.

"சர்க்கரை, கொழுப்பு, பிரஷர், ஒண்ணொண்ணா பார்த்தா கொஞ்சம்தான் கூட. ஆனா எல்லாம் கூட்டணி வெச்சுக்கிட்டு வந்திருக்கு சார். உங்களுக்குத் தெரியாத கூட்டணியா?"

வளர்சிதைமாற்ற நோய்த்தொகுதி என்று பெயராம். கழுத்துக் கருமை அழுக்கன்று. உடலில் இன்சுலின் சரிவர வேலை செய்யாததன் அடையாளம். உணவை மாற்றி நாள்தோறும் நடந்தால் இந்த வயதில் மீளலாம் என்றார்.

மகள் கேட்டது ஒன்றே: "அப்போ நான் குளிக்காதவ இல்லல்ல டாக்டர்?"

சூன் 25
தாயும் மகளும் நாள்தோறும் பூங்காவில் நடக்கிறார்கள். குளிர்பானத்தைத் தானே நிறுத்திவிட்டாள். நான் இன்னும் உடன் நடக்கவில்லை. கூட்டங்கள்.

சூலை 6
பிள்ளைகள் நலம் பற்றிய பொதுக்கூட்டம். ஆயத்தம் செய்த உரையை ஒதுக்கிவிட்டு, "என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்" என்றேன். அவள் எடையைச் சொன்னேன். நாரால் தேய்த்ததைச் சொன்னேன். "கன்னல் மொழியாள் கழுத்தில் கருமை, காணா திருந்தது தந்தையின் சிறுமை!" கைதட்டல் ஓயவேயில்லை. பல்லாண்டுகளில் இப்படி ஒரு பேச்சு எனக்கு வாய்த்ததில்லை.

சூலை 8
கூட்டத்தார் வெளியிட்ட என் பேச்சின் காணொளி அவள் வகுப்புக்குப் போய்விட்டது. "காலரை இறக்கிக் காட்டுடீ, கன்னல் மொழி" என்றார்களாம். என் வரிகளைத் தாளம்போட்டுப் பாடினார்களாம். ஒருமுறை கேட்டால் மனத்தில் ஒட்டும்படி கட்டியவன் நான்தானே.

சூலை 9
பள்ளிக்குப் போகவில்லை.

சூலை 12
அவள் அறைக் கதவருகே நின்றேன். "பிழை செய்த தந்தை உன்முன் நிற்கிறேன்" என்று தொடங்கிவிட்டது — பாழாய்ப்போன நாக்கு.

"மைக் இல்லாம உங்களுக்கு மன்னிப்புக்கூடக் கேக்க வராதாப்பா? போங்க."

துணைவி தட்டுகளைக் கழுவியபடியே சொன்னாள்: "ஊருக்கெல்லாம் சொல்றீங்க. பெத்த பொண்ணுகிட்ட, சொல்லட்டுமான்னு ஒரு வார்த்தை கேக்கத் தோணலையே."

தோன்றவில்லை. ஏன்? ஊர் திருந்தவா சொன்னேன், கைதட்டலுக்கா? இரண்டுக்கும்தான். எது முந்தியது என்று எழுதக் கை வரவில்லை.

சூலை 30
பள்ளிக்குப் போகிறாள். நடை நின்றுவிட்டது. பூங்காவில் யாரோ, "அந்தப் பேச்சுல வந்த பொண்ணுதானே?" என்று கேட்டாராம். காணொளியை நீக்கச் சொல்லி ஏற்பாட்டாளரிடம் கெஞ்சினேன். "ஒரு இடத்துல இருந்தா நீக்கலாம் ஐயா. அது ஊரு பூரா சுத்துது" என்றார், பெருமையோடு.

அக்டோபர் 9
பலமுறை தள்ளிப்போட்ட மறு ஆய்வுக்கு இன்றுதான் இசைந்தாள். சர்க்கரை முன்னிலும் ஏறியிருக்கிறது. மருத்துவரின் அறை வாசலில், "அப்பா வெளியவே இருக்கட்டும்மா" என்றாள். நடைவழி இருக்கையில் அமர்ந்தேன்.

ஒருவர் ஓடிவந்து என் கையைப் பற்றிக்கொண்டார். பின்னால் அவருடைய மகள், தலை குனிந்தபடி.

"உங்க பேச்சைக் கேட்டுத்தான் ஐயா இவ கழுத்தையே பார்த்தோம். நாங்களும் அழுக்குன்னுதான் தேய்ச்சிட்டிருந்தோம். நல்ல நேரத்துல சொன்னீங்க." கொஞ்சம் தயங்கிவிட்டு, "உங்க பொண்ணு இப்ப எப்படி இருக்கு?" என்றார்.

சொற்கள் நாவில் அணிவகுத்து நின்றன.

"அவளைக் கேக்காம சொல்றதுக்கில்லைங்க."

அவர் புரியாமல் சிரித்தார். கதவு திறந்தது. மருந்துச் சீட்டை மடித்துத் தன் பையில் வைத்தபடி என் மகள் தாயோடு எங்களைக் கடந்து போனாள். உள்ளே என்ன சொன்னார்கள் என்று வீடு வரும்வரை நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.