அப்பா திறந்த மெயில்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம், உன் இருமல் நின்றதா, அதை முதலில் எழுது. போனில் பேசும்போதெல்லாம் அப்பா பக்கத்திலேயே இருக்கிறார், அதனால்தான் இந்தக் கடிதம். நம் தையல் கூடத்தில் போன வாரம் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை போ. மருத்துவமனைச் சீருடை ஆர்டர் முடியும் தறுவாயில், அவர்கள் பெயரிலேயே ஒரு மெயில், அளவுகளில் மாற்றம், உடனே பார்க்கவும் என்று. முகவரியில் ஒரே ஓர் எழுத்துதான் வேறு. அப்பா அதோடு வந்த கோப்பைத் திறந்துவிட்டார். ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவர், தெரியாத மெயிலைத் தொடாதீர்கள் என்று சுவரில் எழுதி ஒட்டியதே அவர்தான். கண்ணெதிரே கோப்புகளின் பெயரெல்லாம் கிறுக்கலாக மாறவும், மூடி மறைக்காமல் கூடத்துக்கு ஓடி வந்து எல்லார் முன்னாலும், "தப்பு பண்ணிட்டேன், ஏதோ உள்ள வந்துடுச்சு, எல்லாக் கம்ப்யூட்டர்லயும் நெட்டைப் பிடுங்குங்க" என்றார். இந்த முட்டி வலியோடு நான் மேசைக்கடியில் தவழ்ந்து கேபிளைப் பிடுங்கினேன், நீ பார்த்திருக்க வேண்டும்.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற பெண் வந்து, "தூண்டில் போட்டது ஃபிஷிங், புழுவுக்குள்ள இருந்தது ரான்சம்வேர். உங்க வீட்டைப் பூட்டிட்டு உங்ககிட்டயே சாவிக்குக் காசு கேப்பான், குடுத்தாலும் சாவி வரும்னு நிச்சயமில்ல" என்றாள். நல்லவேளை, எம்பிராய்டரி டிசைன்களும் அளவுகளும் பீரோவில் தனி டிஸ்கில் பத்திரமாக இருந்தன, அதைத்தான் பேக்கப் என்கிறார்கள். அப்பாவின் கம்ப்யூட்டரைத் துடைத்துவிட்டு அதிலிருந்து எல்லாவற்றையும் மீட்டாள். கடைசியாகச் செய்த சில டிசைன்கள் மட்டும் போயின, அவற்றை எல்லாருமாக உட்கார்ந்து மறுபடி போட்டோம். சொன்ன நாளில் சீருடைகள் போய்ச் சேர்ந்தன. கிளம்பும்போது அவள், "சார் பயந்து ஒளிச்சிருந்தா எல்லாக் கம்ப்யூட்டரும் போயிருக்கும்மா" என்றாள். அப்பா தலை குனிந்தே நின்றார், எனக்கோ அவரைப் பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது. இப்போது, அவர் நிழலுக்கே நடுங்கிய கட்டிங் மாஸ்டர்கூட, "ஐயா, இந்த மெயில் சரியான்னு பாருங்க" என்று தானாக வந்து நிற்கிறார்.

உன் மெயிலுக்கு இரண்டாவது பூட்டு போட்டாயா, போனுக்கு நம்பர் வருமே அது. இல்லையென்றால் இன்றே போடு. வேளைக்குச் சாப்பிடு, எங்கள் இருவரின் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு. ஒன்று மட்டும் மறக்காதே. இதை உன்னிடம் தன் வாயால் சொல்ல வேண்டும் என்று அப்பா நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் ஆரம்பித்தால், முதல்முறை கேட்பதுபோல் கேள்.

இப்படிக்கு,
கேபிள் பிடுங்கிய உன் அம்மா